அரை லிட்டருக்கு ஒரு மிதவை ஜாக்கெட்

என் உயரத்துக்கு பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பால்காரர் வைத்ததுதான் நிலைத்தது: "அரை லிட்டர்". மென்பொருள் கம்பெனிகள் ஊழியர்களை மலையேற்றி அலுத்து, கடலில் இறக்கத் தொடங்கியிருந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில், இந்த அரை லிட்டருக்கும் ஸ்கூபா முக்குளிப்பு ஆசை வந்தது. நீச்சல் குளத்தில் தேறினால்தான் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். அதுவரை நான் கடலையே பார்த்ததில்லை.

தேர்வு இவ்வளவுதான்: முதுகில் சிலிண்டரோடு, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுத்தண்ணீரில் நிற்க வேண்டும். அப்படி நிற்க உதவுவதுதான் காற்றடைக்கும் ஜாக்கெட். அதுவோ ஆறடி வெள்ளைக்காரருக்குத் தைத்தது. தோள்வாரைக் கடைசிவரை இழுத்தாயிற்று. இடுப்புப் பட்டை சுற்றிக்கொண்டு முதுகுக்கே வந்துவிட்டது. காற்றடைத்தால் ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறும். நான் அதற்குள் தொங்குவேன்.

"ஸ்டாண்டர்ட் சைஸ் மேடம். நீங்கதான் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்," என்றார் பயிற்சியாளர்.

"எப்படி சார், வளந்துட்டு வரட்டா?"

அமெரிக்காக்காரன் கேட்ட இடத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் பொத்தானை நகர்த்திக் கொடுத்தே சம்பளம் வாங்கும் எங்கள் ஆபீஸ் கூட்டமும், பயிற்சியாளர் சொன்னதற்கே தலையாட்டியது.

வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸ் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. பயிற்சியாளர் போன் பேசப் போன நேரம் பார்த்து, "இங்க வாடி. ப்ளவுஸ் லூசா இருந்தா என்ன பண்ணுவோம்?" என்று, வளையலில் எப்போதும் தொங்கும் ஊக்குகளைக் கழற்றினார். விலாப் பக்கம் மடித்து முக்கி முக்கிக் குத்தினார். கச்சிதம்.

தண்ணீரில் முதல்முறையாக ஜாக்கெட் என்னோடு வந்தது. நின்றேன். பிறகு விலாவிலிருந்து சோடா உடைத்த மாதிரி குமிழிகள். அடைக்க அடைக்கக் காற்று வெளியேறியது. வாயில் சிலிண்டரின் காற்றுக்குழாய் இருந்ததால் பத்திரமாகக் குளத்தின் தரையில் போய் உட்கார்ந்தேன்.

"காத்துப் பையிலயா ஊக்கு குத்துவாங்க!" என்று பயிற்சியாளர் தலையில் கைவைத்தார்.

"துணின்னு நெனச்சேன் தம்பி. சின்ன ஜாக்கெட் இருக்கா, இல்ல இன்னொண்ணையும் பாழாக்கணுமா?"

பயிற்சியாளர் மிரண்டுபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே, பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் ஒரு குட்டி ஜாக்கெட்!

"இது எப்பலேர்ந்து இருக்கு?" என்றேன்.

"ஷோவுக்கு வெச்சது மேடம். போட்டா பழசாயிடும்ல?"

"ஏன், உங்க வீட்டுச் சீர்ப் பாத்திரமா?" அக்கா பல்லாலேயே உறையைக் கிழித்தார்.

வாரை இழுத்தேன், இன்னும் இழுக்க மிச்சமிருந்தது. நடுத்தண்ணீரில் நின்றேன். குமிழி இல்லை, தொங்கல் இல்லை. பயிற்சியாளர் கையை உயர்த்தும்வரை நின்றேன்.

மேலே வந்ததும், தேறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உப்புத் தண்ணிக்கும் இதையேதான் எடுத்துட்டுப் போகணுமா மேடம்?"

"பின்னே?" என்றார் அக்கா. "நல்லா ஊறவெச்சுத் திருப்பித் தர்றோம்."