சல்லடை நீக்கிய பக்கம்

கல்லூரி நூலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். மாணவர்கள் படிக்க ஓர் இணையதளத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார், கடைசியாக எப்போது திருத்தினார் என்று துருவிப் பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சலிக்கிறார்.

இந்த வாரம் மெசொப்பொத்தேமியக் காவியம். களிமண் பலகைகளில் எழுதிய பழங்கதை. பலகைகள் உடைந்து கிடைத்ததால் நடுநடுவே வரிகள் இல்லை. புதிய பாடத்துக்காகப் பதினான்கு தளங்கள் வந்திருந்தன. புதன் மாலைக்குள் பட்டியல் போயாக வேண்டும்.

ஒன்றில் எழுதியவர் பெயரே இல்லை. 'மொட்டைக் கடுதாசி' என்று குறித்துக்கொண்டார். இன்னொன்று, காவியத்தை எழுதியவர்கள் வேற்றுக்கிரகத்தார் என்று அடித்துச் சொன்னது.

"என்ன சல்லடை, இன்னிக்கு எத்தனை கல்லு?" என்றார் பக்கத்து மேசைக் கணினிக்காரர்.

"ஒன்பது. அதுல ஒண்ணு வானத்துலேருந்து விழுந்தது."

பதினான்காவது தளத்தைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தார். அது அவர் மனைவி எழுதியது. இதே கல்லூரியில் வரலாறு நடத்தினாள். போய் நான்கு வருஷமாகிறது. பழைய பட்டியலில் இருந்ததால் அந்தப் பக்கத்துக்குத் தினமும் முப்பது நாற்பது பேர் வந்தார்கள். அடியில், வந்தவர்களின் எண்ணிக்கை ஓடும். காலையில் பல் துலக்கியதும் அதைத்தான் பார்ப்பார். நேற்று அவளைத் தேடி இத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நிறைவு. அவரைத் தேடி வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அவளைத் தேடியும் வர மாட்டார்கள்.

அருங்காட்சியகம் ஒன்று பலகைகளின் படங்களை வரி எண்ணோடு புதிதாகப் போட்டிருந்தது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒத்துப் பார்த்தார். நண்பனைப் பறிகொடுத்தவன் புலம்பும் இடம் வந்தது. அவள் பக்கத்தில் இப்படி இருந்தது: 'எழுந்திரு என்று உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். நீ குடித்து வைத்த கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.'

அவள் இறந்த மாதத்தில் அவரைத் தாங்கிய வரி அது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தன் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றைக்கு மூச்சு வந்தது. அவரும் அவள் கோப்பையைக் கழுவவில்லை.

அருங்காட்சியகப் படத்தில் அந்த இடம் உடைந்திருந்தது. மூன்று வரிகளுக்கு எழுத்தே கிடையாது.

ஆக, வரி அவளுடையது. தான் சேர்த்தது என்று காட்ட அடைப்புக்குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. பிள்ளைகள் அதைப் பழைய வரியென்றே பரீட்சையில் எழுதுவார்கள்.

கணினிக்காரர் எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "கடவுச்சொல் உங்ககிட்டதானே இருக்கு? ஒரு அடைப்புக்குறி போட்டு விடுங்க, வேலை முடிஞ்சுது."

"அவ இருந்தப்பவே அவ எழுத்துல கை வைக்க விட மாட்டா. இப்ப வைக்கவா?"

"அப்ப கண்டுக்காம விடுங்களேன். எவன் களிமண்ணைத் தூக்கிட்டு வந்து ஒத்துப் பார்க்கப் போறான்?"

"நான் பார்த்துட்டேனே."

"வீட்டுக்காரம்மாவையே சலிச்சிட்டீங்களா, அண்ணே?" என்றார் கணினிக்காரர். கேலியாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது.

படிவத்தில் எழுதினார்: 'சிதைந்த இடங்கள் ஆசிரியரின் கற்பனையால் நிரப்பப்பட்டுள்ளன. நீக்கலாம்.' அனுப்பினார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புதிய பட்டியல் வந்த மறுவாரம், காலையில் எண்ணிக்கை ஒன்றுதான் கூடியிருந்தது. அந்த ஒருவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்தார். களிமண் எங்கே உடைந்திருக்கிறதோ அங்கேயெல்லாம் அவள் பேசியிருப்பாள். வாரத்துக்கு ஒரு பலகை போதும், அவசரப்பட்டால் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்துகொண்டார். முதல் பலகையில் இரண்டு கிடைத்தன. ஒன்று ஆற்றைப் பற்றியது. மற்றது, நகரத்தை விட்டுக் கிளம்புகிறவனைப் பார்த்து ஒருத்தி சொல்வது: 'போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாதா?'

இருபத்தெட்டு வருஷம் தினமும் கேட்ட வசவு. எழுந்து போய் வாசலைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது.