வலது பக்கத்துச் சிலிண்டர்

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் தரையைப் பார்க்கும் பழக்கம் அந்த ஒரு வருடத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது. டிராக்டரின் முன்பக்க பக்கெட்டுக்குக் கீழே, வலது பக்கமாக, ஓர் அட்டையை விரித்து வைத்திருப்பேன். முதல் நாள் அதில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கும். மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு. பத்தாம் நாள் அட்டை முழுவதும் ஊறி, தூக்கினால் கிழிந்துகொண்டு கையோடு வரும். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்துதான் என் மனைவி சமையலறை ஜன்னலை முன்கூட்டியே சாத்திவிடுவாள்.

காஹாங் ஊருக்கு வெளியே எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் செம்பனைத் தோட்டம். டிராக்டரை நான் வாங்கும்போதே அது மூன்று கை மாறியிருந்தது. குலைகளை அள்ளி வண்டியில் போடுவதும், உரம் அள்ளுவதும் எல்லாம் அந்த பக்கெட்தான். அதைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். எண்ணெய் அழுத்தத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பளபளப்பான தண்டு வெளியே வரும், உள்ளே போகும். தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடித்து நிற்கும் வளையம்தான் சீல். இடது பக்கத்துச் சீல் ஒரு நாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. வலது பக்கத்தில் போட்ட எதுவும் ஒரு மாதம் தாங்கியதில்லை. எண்ணெய் குறைந்தால் பக்கெட், குலைகளோடு அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். வெட்டிய குலை அன்றே எண்ணெய் ஆலைக்குப் போக வேண்டும். நான் எண்ணெய் டின்னோடு அதன் கீழே நிற்பேன்.

சீல் மாற்ற வருபவர் அத்தான், என் அக்காவின் கணவர். ஆயர் ஈத்தாமில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. அதையும் என் டிராக்டருக்குக் கொடுத்தார். இதை நான் அப்போது ஒரு பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நிதானம் மட்டும்தான். வந்தவுடன் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். தேநீர் குடிப்பார். மறுபடி ஒரு சுற்று. நான் பக்கத்தில் நின்று, எப்போது முடியும், மத்தியானத்துக்குள் ஓட்டலாமா என்று நச்சரிப்பேன். "பாப்போம் லா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவரிடம் ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் நான் இரண்டு வரிசை மரத்துக்குக் குலை வெட்டிவிட்டு வரலாம்.

நான்காவது முறை மாற்றிய அன்று அவராகவே வாயைத் திறந்தார்.

"மச்சான், சீல்ல ஒண்ணும் இல்ல. ராட்டுதான் கெட்டுப் போச்சு. கழட்டிக் குடுங்க, குளுவாங்ல குடுத்து புதுசா குரோம் பூசி வாங்கிரலாம். ஒரு வாரம் ஆகும்."

அவர் ராட்டு என்றது அந்தத் தண்டைத்தான். "ஒரு வாரமா? குலை வெட்டுற நேரத்துல டிராக்டர ஒரு வாரம் நிப்பாட்ட முடியுமா அத்தான்? நல்ல சீலா பாத்துப் போடுங்க, போதும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் சொல்படியே இன்னொரு சீல் போட்டார். பதினோராம் நாள் அட்டை நனைந்தது.

அதற்கடுத்த வாரம் அக்கா வீட்டில் ஒரு பூஜை. உறவினர் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தான் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தார். எதிர் வரிசையிலிருந்து சித்தப்பா, "என்னப்பா, டிராக்டர் ஓடுதா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அரை டின் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

"எங்க ஓடுது? அத்தான் பட்டறையில போலி சீலுதான் இருக்கும்போல. சொந்தக்காரன்தானே, இது போதும்னு போட்டுட்டுப் போயிர்றாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தானின் கரண்டி வாளிக்குள் நின்றது. பிறகு என் இலைக்கு வந்தார், சோற்றில் சாம்பார் ஊற்றினார், அடுத்த இலைக்குப் போனார். சமையலறை வாசலில் நின்ற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அத்தான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அக்காவின் தொலைபேசி அழைப்புகளும் நின்றன. எனக்கு வந்தது வீம்பு. நல்ல சீலாகப் பார்த்து வாங்கி நானே மாற்றினேன். எட்டு நாள் தாங்கியது. கொதித்துப்போய், பழைய சீல் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு, நான் கடைசிச் சீலை வாங்கிய குளுவாங் கடைக்கே போனேன். கடைக்காரச் சீனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த ரப்பர் இப்படி இருக்காது, இதெல்லாம் ஏதோ ஒன்று அறுத்த ரப்பர் என்று சீலின் உள்விளிம்பைத் தொட்டுக் காட்டினார். அத்தான் போட்ட சீல்களும் அதில் இருந்தன. நான் வாங்கியதும் அத்தான் போட்டவையும் ஒரே சரக்கு. "சீல் பாகுஸ். பெசி ரோசாக்" என்றார் மலாயில். சீல் நல்லது, இரும்புதான் கெட்டது.

வீட்டுக்கு வந்து தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் வருடினேன். ஓர் இடத்தில் நகம் மாட்டியது. ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னத் துருக்குழிகள், ஒரு சாண் நீளத்துக்கு. பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்தால் மட்டுமே வெளியே வரும் பகுதி அது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. கொட்டகைக் கூரை டிராக்டரின் மூக்குவரை எட்டாது. தகரத்தின் விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர், சொல்லிவைத்ததுபோல் வலது பக்கத் தண்டில், அந்த ஒரு சாண் இடத்தில் விழுந்தது.

பக்கெட்டைக் கவிழ்த்து நிறுத்தியது நான்தான். டெங்கிக் கொசு பார்க்க வந்த சுகாதார அதிகாரி பக்கெட்டில் தேங்கிய தண்ணீரில் புழுக்களைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனதிலிருந்து, தினமும் கவிழ்த்துத்தான் நிறுத்துவேன். உரம் அள்ளிய நாளிலும் கழுவாமல் அப்படியே. உரத்தூளும் மழைத்தண்ணீரும் சேர்ந்து என் கண்ணெதிரே இரும்பைத் தின்றிருக்கின்றன. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே தண்டைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். அக்கா கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை.

"என்ன, டிராக்டர் நின்னு போச்சா?"

"இல்லக்கா. மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எங்ககிட்ட தனியா வந்து கேட்டா? அன்னிக்கி இலையில உக்காந்திருந்தவங்க எல்லாரு காதுலயும் விழுற மாதிரி சொன்ன. அதே மாதிரி எல்லாரு முன்னாலயும் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அடுத்து வந்த விசேஷத்தில், சித்தப்பா உட்பட எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். அதைச் செய்து முடிப்பதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆனால் அன்று கேட்டில் நின்ற எனக்கு அந்த வாக்குக் கொடுத்த பிறகுதான் பூட்டுத் திறந்தது.

அத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கண்டுபிடித்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். டெங்கி, பக்கெட், உரம், கூரைத் தண்ணீர். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியும். கூரத் தண்ணி ராட்டுல விழுறத ரெண்டாவது தடவ வந்தப்பவே பாத்தேன்."

"அலமாக்! அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க மச்சான் கேட்டீங்க? எப்ப முடியும், எப்ப முடியும்னுதான் கேட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டாவது தடவை! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கெட்டை வேறு மாதிரி நிறுத்தியிருப்பேனே, இத்தனை ஞாயிறும் மிஞ்சியிருக்குமே. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை; கையிலிருந்த தண்டை நீட்டினேன். அவர் எழுந்து வந்து தண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு வாரம் ஆகும்" என்றார்.

"ஆகட்டும் அத்தான்."

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் டிராக்டரை இரவல் வாங்கிக் குலை ஏற்றினோம். குரோம் பூசி வந்த தண்டில் அதன்பிறகு ஒரு சொட்டும் கசியவில்லை; எங்கள் டிராக்டர் இன்றும் ஓடுகிறது. அத்தான் பட்டறையை மூத்த மகனிடம் விட்டுவிட்டார். ஆனாலும் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் டிராக்டரைச் சுற்றி வருகிறார். போன வாரம் வந்தபோது எஞ்சின் பக்கம் நின்று, எதையோ பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போய், "என்ன அத்தான் பாத்தீங்க?" என்று கேட்டேன். தேநீரை எடுத்து ஊதினார். ஒரு வாய் குடித்தார். மறுபடி ஊதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவராகச் சொல்லும்வரை இருப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.