வாத்தியாரின் கைத் தழும்பு

எங்கள் பள்ளி முதலுதவிக் குழுவில் நான் பிணம். வேறு வேலை எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த மறு வருட விழாவில் செய்துகாட்டுவதற்காக வாத்தியார் எங்களில் பத்துப் பேரைப் பொறுக்கியிருந்தார். நீரில் மூழ்கியவரைக் குப்புறப் போட்டு, முதுகை அழுத்தி, முழங்கையைத் தூக்கி மூச்சு வரவைக்கும் முறை. பையன்கள் அழுத்துவார்கள். நான் பாயில் கிடப்பேன்.

"ஒன் எடைக்குப் பூனைக்குக்கூட மூச்சு வராது. படு," என்பார்.

கோலாலம்பூர் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். அதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் யார் அழுத்தினால் நெஞ்சிலிருந்து காற்று வெளியே போகிறது, யார் அழுத்தினால் எலும்பு மட்டும் வலிக்கிறது என்பது பாயில் கிடந்த எனக்குத்தான் தெரியும். கையை நேராக வைத்து உடம்பையே முன்னால் சாய்ப்பவன் சரி. மடக்கி அழுத்துபவன் வீண். குழுத் தலைவன் கடைசிவரை மடக்கித்தான் அழுத்தினான். வாத்தியார் அவனைத்தான் தட்டிக்கொடுப்பார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். அன்று பிற்பகல் மழையில் அது கரை தொட்டு ஓடியது. பக்கத்து வீட்டுப் பையன், முன்பற்கள் விழுந்து பொக்கை வாயோடு திரிந்த ஏழு வயதுக்காரன், மிதந்துபோன செருப்பை எடுக்கப் போய் விழுந்துவிட்டான். இரண்டு பேர் குதித்து இழுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை.

கடைசி வீட்டிலிருந்து வாத்தியார் ஓடி வந்தார். அப்பாடா என்று நினைத்தேன், முட்டாள்.

"சுத்துங்க சார், தண்ணி வெளிய வந்துரும்!" என்று கூட்டம் கத்தியது. மூன்று நாள் பயிற்சி எடுத்த மனிதர் பையனின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்.

"சார், குப்புறப் போடுங்க சார்!" என்று நான் கத்தினேன்.

"சின்னப் பிள்ள, தள்ளிப் போ!"

மூச்சு வாங்க அவனைத் தரையில் இறக்கியவர், மறுபடி காலைப் பிடிக்கக் குனிந்தார். அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். ரத்தம் வந்தது. அலறிக்கொண்டு விலகினார். என்னை இழுக்க வந்தவர்களைப் பையனின் அம்மா குறுக்கே நின்று தடுத்தாள். "அது செய்யட்டும் லா, விடுங்க!"

பெரிய ஆளாக இருந்தால் என் எடை போதாதுதான். அந்த அளவுக்கு வாத்தியார் சொன்னது உண்மை. ஆனால் கிடந்தவன் என்னைவிடச் சின்னவன். கையை நேராக வைத்துச் சாய்ந்தேன், முழங்கையைத் தூக்கினேன், மறுபடி சாய்ந்தேன். பயத்தில் எண்ணிக்கை மறந்துவிட்டது. கை ஓய்ந்துபோகும் நேரத்தில் அவன் என் பாவாடை முழுக்க லோங்காங் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். நானும் அழுதேன்.

வாத்தியாரைக் கடித்ததற்காக அம்மா அன்று என்னை விளாசினாள். "சார் சுத்துனதுல பாதித் தண்ணி போயிருச்சு. இல்லன்னா இவளால முடியுமா?" என்று வரிசை முழுவதும் தீர்ப்புச் சொல்லியாயிற்று. விழாவில் அவருக்கு மாலை போட்டார்கள். நான் வழக்கம்போல் பாயில் கிடந்தேன்.

பல வருடங்கள் கழித்து அவருடைய பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் கையை உயர்த்தித் தழும்பைக் காட்டினார்.

"உயிர் போற நேரத்துல பிள்ள என் கையைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டான். கடைசி வரைக்கும் நான் விடல."

மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் அந்தப் பையன், இப்போது மீசைக்காரன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். வரிசையில் நின்று நானும் கைகொடுத்தேன். தழும்பைப் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு முன்பற்களும் அச்சாகப் பதிந்திருந்தன. அவனுக்கு அன்றைக்கு முன்பல்லே கிடையாது.