வலக்கை முன்னால் போகிறவள்

பாஜே கரையில் ஹிதாயாவைப் பிடிக்காதவர் யாரும் இல்லை. எப்படிப் பிடிக்காமல் போகும்? குழாயடியில் அவள் வாளி கடைசி. கல்யாண வீட்டில் பிலாவ் பரிமாறினால் அவள் தட்டு கடைசி. ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆடு வந்தால்கூட ஒதுங்கி நின்று, "நீ முன்னால போம்மா" என்பாள் என்று கொம்போ கேலி செய்வார். பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் ஓடுவதைக் கரையில் சொல்லிக் கொடுப்பவர்களுக்கெல்லாம் கொம்போதான் தலைவர். வயிறு முன்னால் நடக்க, பின்னால் அவர் வருவார்.

விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. சொன்னவர் யாரோ, தென்காற்று அடிக்கும் மாதத்தில், நீர் ஏறிய நேரத்தில் எங்கள் கரைக்கு வந்து பார்த்ததில்லை.

நீர் வற்றிக் கிடக்கும்போது இந்தக் கரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பெண்கள் வெகுதூரம் நடந்துபோய், குச்சி நட்டுக் கட்டிய கடற்பாசியைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீர் ஏறிவிட்டால் தென்னைகளுக்கும் அலைக்கும் நடுவே ஒரு கீற்று மணல்தான் மிச்சம். அந்தக் கீற்றிலிருந்துதான் அத்தனை பட்டங்களும் ஏற வேண்டும், அத்தனையும் அதிலேயே இறங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு படகுப்பாய் அகலம். கீழே இடுப்பில் கட்டிக்கொண்டு, காலில் பலகையோடு ஒரு மனிதர். கயிறு இழுபட்டு நிற்கையில் கத்திக்குச் சமம், விரலை வைத்தால் விரல் இல்லை.

அதனால்தான் முறை வைத்திருக்கிறார்கள். பட்டம் ஏற்றியவர் நின்று கதை பேசக் கூடாது, உடனே தண்ணீருக்குப் போய்விட வேண்டும். கரைக்கு உள்ளே வருகிறவர் கடலுக்கு வெளியே போகிறவருக்கு வழிவிட வேண்டும். எதிரெதிரே வந்தால், வலக்கை முன்னால் இருப்பவருக்கு வழி. இடக்கை முன்னால் இருப்பவர் விலக வேண்டும். இன்னொன்றும் உண்டு. வழி உள்ளவர் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. இம்மியும் விலகாமல் நேராகப் போக வேண்டும். அவர் நேராகப் போவார் என்று நம்பித்தானே மற்றவர் விலகுகிறார்?

இதையெல்லாம் ஹிதாயா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வந்து சேர்ந்த பெண்களுக்கு மணலில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை, அதுதான் வினை.

பகலெல்லாம் அவள் வேலை, அடுத்தவர் பட்டத்தைப் பிடித்து நிற்பது. இரண்டு கைகளாலும் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காற்று துணிக்குள் புகுந்து உப்புவதை நெஞ்சோடு உணர்ந்துகொண்டு நிற்பாள். துணி நடுங்கும், முனகும், பிறகு ஒரு கணம் அடங்கும். அந்தக் கணத்தில் விட வேண்டும். விட்டதும் அது தன்பாட்டில் எழும்பிப் போகும். அவளோ வெறுங்கையோடு, இன்னும் எதையோ பிடித்திருப்பவள் போலக் கையை விரித்தபடி நிற்பாள். தென்காற்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மயக்கம் தருவது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். பவளத்திட்டின் வெள்ளைக் கோடு வரைக்கும் பச்சை நீர், அதற்கு அப்பால் கருநீலம். அந்த இரண்டும் சேரும் இடத்தில் சத்தமே இருக்காது. காற்றோடு சேர்ந்து ஓடினால் காற்றின் சத்தம் காதுக்குக் கேட்காது என்பது அங்கே போனவர்களுக்குத்தான் தெரியும். மாலைத் தொழுகைக்கு முன், தானே கடலுக்குப் போக, கொஞ்ச நேரம் அவளுக்கென்று கிடைக்கும். அந்த நேரத்துக்காகத்தான் நாள் முழுக்க அவள் மற்றவர்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹிதாயா, யார் பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு யாரைக் கனாக் காணுறே?" என்பார் கொம்போ.

"உங்களைத்தான், மாமா. நீங்க மெலிஞ்சு போன மாதிரி கனா."

கரையே சிரிக்கும். வாயெல்லாம் உண்டு அவளுக்கு. வழி என்று வரும்போதுதான் பாழாய்ப்போன மரியாதை வந்து நிற்கும்.

தென்காற்று தொடங்கிய புதிதில் அது நடந்தது. ஹிதாயா வெளியே போய்க்கொண்டிருந்தாள், வலக்கை முன்னால். எதிரே உள்ளே வந்தவர் அவள் அண்ணன் மகாமே, இடக்கை முன்னால். எந்த முறைப்படி பார்த்தாலும் வழி அவளுடையது. மகாமே முறை தவறாத மனிதர். கரையில் முதன்முதலில் பட்டம் கட்டியவர்களில் ஒருவர், வாப்பா போன பிறகு வீட்டுக்கும் அவரே வாப்பா. சட்டப்படி அவர் வடக்கே விலகினார். அதே கணத்தில் ஹிதாயாவும் வடக்கே விலகினாள். அண்ணன் எதிரே வரும்போது நடுவழியில் நேராகப் போவதாவது! யோசித்துச் செய்யவில்லை. பாதையில் பெரியவர் வந்தால் கால் தானாகப் புல்லுக்கு இறங்குமே, அப்படி இறங்கியது.

கயிறுகள் பின்னிக்கொண்டன. இரண்டு பட்டங்களும் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று விழுந்தன. ஹிதாயா தண்ணீரில் விழுந்தாள். மகாமேயைக் காற்று பாசிக் குச்சிகள் வழியே இழுத்துக்கொண்டு போனது. தோள்பட்டை கழன்று, கை தொங்கியபடி அவரைத் தூக்கி வந்தார்கள்.

"நான் உங்களுக்கு வழி விட்டேன், அண்ணே," என்று அவள் அழுதாள்.

மகாமே வலியில் பல்லைக் கடித்திருந்தார். "யாரு கேட்டா?" என்றார்.

அன்றைக்கே கொம்போ தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இனி நீ மணல்லயே நில்லு. பட்டம் பிடி, பாடம் சொல்லு. தண்ணிக்குப் போகாதே. திமிரு பிடிச்சவன் எதிரே வந்தா என்ன செய்வான்னு தெரியும், சமாளிச்சுக்கலாம். நல்லவ எதிரே வந்தா என்ன செய்வான்னு எவனுக்குத் தெரியும்?"

வீட்டில் அண்ணி உப்பை வறுத்துத் துணியில் கட்டி, கணவர் தோளில் ஒற்றிக்கொண்டே பொரிந்தாள். "உன் மரியாதையால என் புருஷன் கை போச்சு. இன்னும் கொஞ்சம் மரியாதை பண்ணியிருந்தா நான் வெள்ளை கட்டியிருப்பேன்."

ஹிதாயா அடுத்த உப்பை வறுக்க அடுப்பை ஊதினாள். அண்ணி சொன்னது உண்மைதானே.

பிறகு வந்த நாள்களெல்லாம் அவளுக்கு ஒரே நீண்ட மதியமாகத் தோன்றின. ஏற்றினாள், விட்டாள், வெறுங்கையோடு நின்றாள். மாலையில் அவளுக்கென்று இருந்த நேரம் வந்தபோது தென்னையில் சாய்ந்து உட்கார்ந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். சில வேளை அங்கே தானே போய்க்கொண்டிருப்பதைக் கண்டாள். சிவப்புத் தலைத்துணி, சின்ன உருவம், திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்தது. கண்ணைக் கசக்கினால் வேறு யாராகவோ இருக்கும். நல்லவள் என்று பெயர் வாங்கி என்ன கண்டோம் என்று முதல் தடவையாக நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். மறுநாளும் நினைத்தாள்.

தென்காற்று ஓயப்போகிற சமயம். மகாமேயின் தோள் கூடிவிட்டது, ஆனாலும் பட்டை கட்டியிருந்தார். ஒரு மாலை கொம்போ இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"ஹிதாயா தண்ணிக்குப் போகட்டும்," என்றார்.

"போய்?"

"எதிரே ஒருத்தர் வரட்டும். நேராப் போனா, போகட்டும். விலகினா, சாகுற வரைக்கும் மணல்தான்."

"எதிரே யாரு வர்றது? முன்ன பின்ன தெரியாத ஒருத்தரை விடுவோம். அவ விலக மாட்டா."

"அவ ஆட்டுக்கே விலகுறவ," என்றார் மகாமே. "நான் வர்றேன்."

கொம்போ கோப்பையைக் கீழே வைத்தார். "பைத்தியமா உனக்கு? அந்தத் தோள் இன்னொரு தரம் கழண்டா மாட்டுறதுக்கு ஆள் கிடையாது."

"அது அவளுக்கும் தெரியும்."

பட்டத்தைப் பிடித்தபடி நின்ற ஹிதாயா எல்லாவற்றையும் கேட்டாள். "வேண்டாம், அண்ணே," என்றாள். "நான் மணல்லயே இருந்துக்கிறேன். எனக்கு இது போதும்."

மகாமே அவளைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? இதையும் விட்டுக்கொடுக்குறா," என்று கொம்போவிடம் சொல்லிவிட்டுத் தன் பலகையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று அவள் பட்டத்தைக் கொம்போவே பிடித்தார். நீர் தென்னையடிவரை ஏறியிருந்தது, கீற்று மணலில் கூட்டம். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் விட்டார். பட்டம் எழும்பியதும் நிற்கக் கூடாது என்பதால், அவளும் நிற்கவில்லை. பலகையில் கால் மாட்டினாள், காற்று இடுப்பைப் பிடித்துத் தூக்கியது. மணலும் கூட்டமும் கூச்சலும் எங்கோ யாருடைய கனவிலோ நடப்பதுபோல் பின்னால் நழுவின. வலக்கை முன்னால். பச்சை நீர் காலடியில் கண்ணாடியாக ஓடியது.

அண்ணன் வந்தார். இடக்கை முன்னால், நேர் எதிரே. தோளில் கட்டிய வெள்ளைப் பட்டை தெரிந்தது. அவர் விலகவில்லை. வழக்கமாக வெகுதூரத்திலேயே விலகிவிடுகிற மனிதர், இன்று அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தத் தோளைத் தன் மரியாதையே இரண்டாவது தடவையும் கழற்றப்போகிறது என்று பயந்தாள். இடது கால் தானாகப் புல்லைத் தேடியது. பலகை ஒரு நூல் வடக்கே சாய்ந்தது. பட்டத்தை உயரப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, பலகையைத் திரும்ப நேராக்கினாள். ஆனால் உள்ளே முட்டிக்கொண்டு நின்ற மரியாதை எங்கே போகும்? காலில் இறங்காதது தொண்டைக்கு ஏறியது. பெரியவரைக் கண்டதும் சின்னவர்கள் சொல்ல வேண்டிய வணக்கத்தை, காற்றைக் கிழித்துக்கொண்டு, கரைக்கே கேட்கும்படி அலறினாள்.

"ஷிகமோ, அண்ணே!"

அலறிக்கொண்டே நேராகப் போனாள்.

மகாமே பட்டத்தைத் தாழ்த்தினார். வடக்கே விலகினார். அவர் பட்டம் அவளுடைய கயிறுகளுக்கு வெகு கீழே, தண்ணீரை உரசுவதுபோலச் சரிந்து கடந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. அவர் முகத்தை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். சிரித்தாரா, தண்ணீர் தெறித்ததா, தெரியவில்லை.

"மரஹபா!" என்று பதில் வணக்கம் வந்தது. பின்னாலிருந்து வந்தது. பிறந்த நாள் முதல் அண்ணன் குரல் அவளுக்கு முன்னாலிருந்துதான் வந்திருக்கிறது. "போ, தங்கச்சி! திரும்பிப் பாக்காதே, போ!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டை நோக்கிப் போகப் போகக் காற்றின் சத்தம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. வாய்விட்டு அழுதாள். அழுகையை யாருக்காகவும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.