புளி வாசனையோடு வந்த புத்தகம்

போன வாரம் பஸ் பார்சலில் ஒரு மூட்டை வந்தது. பிரித்தால் கொட்டை எடுத்த புதுப்புளி, அதற்கு நடுவில் பிளாஸ்டிக் உறையில் ஒரு புத்தகம். பொன்னியின் மகள் செல்வி கிரகணங்களைப் பற்றித் தமிழில் எழுதியது. அச்சு மைக்கு முன்னால் புளிதான் மணத்தது. எனக்கு அது போதும், ஜவ்வாது மலைக்கே போய்விட்டேன்.

எண்பதுகள் தொடங்கிய சமயம். காவலூருக்குப் பக்கத்தில் புது டீச்சராக இருந்தேன். ஆலங்காயத்திலிருந்து மலைக்கு எப்போது பஸ் வரும் என்பது டிரைவருக்கே தெரியாத காலம். எனக்கோ அறிவியல் கட்டுரை எழுதும் பித்து. 'கிரகணத்தால் கர்ப்பிணிக்கு ஒரு கெடுதலும் இல்லை!' என்று ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் முழங்கியிருந்தேன். அதை ஊருக்கே வாசித்தும் காட்டினேன். அந்த வயதில் அடக்கம் ஏது?

பக்கத்து வீட்டுப் பொன்னியும் கேட்டாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். கிரகணத்தன்று கர்ப்பிணிகளை இருட்டு அறையில் அசையாமல் படுக்க வைப்பார்கள். கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயம். அந்த வருஷச் சூரிய கிரகணமோ புளி சீசனில் வந்தது. படுத்துக்கிடந்தால் வேலை யார் பார்ப்பது? என்னிடம் வந்து நின்றாள்.

"நெசமா ஒண்ணும் ஆவாதாங்க டீச்சர்?"

"ஒண்ணும் ஆகாது. சூரியன மட்டும் பாக்காத."

மாமியார் தலையில் அடித்துக்கொள்ள, பொன்னி கிரகணம் முழுக்க வாசலில் உட்கார்ந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி, கத்தியால் புளிக்குக் கொட்டை எடுத்தாள்.

அன்று மாலையிலிருந்து எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. எந்தக் கிரகணமும் இல்லாமலே சில பிள்ளைகள் பிளந்த உதட்டோடு பிறப்பதுண்டு. தற்செயலாக இவளுக்கும் அப்படிப் பிறந்துவிட்டால்? அதற்குப் பிறகு என் அறிவியலை யார் கேட்பார்கள்? பொன்னியைத்தான் சும்மா விடுவார்களா? அவள் வயிறு பெருக்கப் பெருக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

ஒரு காலையில் பொன்னி வீட்டுக் கதவு திறந்தது. மாமியார் துணியில் சுற்றிய குழந்தையை, இந்தச் செல்வியைத்தான், என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்க டீச்சர். உதட்டுக்கு ஒண்ணும் ஆவல."

பார்த்தேன். அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே தேங்காயும் கையுமாகக் கிளம்பினால் எதிரே பொன்னியின் வீட்டுக்காரர்.

"இன்னா டீச்சர், நீங்களே கோயிலுக்கா?"

"சட்னிக்குங்க" என்று சமாளித்தேன்.

அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுவிட்டது. என் கட்டுரையின் ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. செல்வி கர்ப்பிணிகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாள்: வழக்கம்போல் வேலை பார்க்கலாம். முழக்கம் இல்லை, வாதம் இல்லை. அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.

பின்னட்டையைத் திருப்பினேன். புகைப்படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் முதலில் பார்த்தது உதட்டைத்தான்.