இரண்டு விரல் அகலம்

கடைக்குள் காலை வைத்ததுமே குமுதினிக்கு மூச்சு ஒருமுறை நின்று திரும்பியது. மெழுகு மணம். சூடான இஸ்திரிப் பெட்டியில் உருக்கி, பனியில் சறுக்கும் பலகையின் அடியில் பூசுகிற அந்த மெழுகின் மணத்தை அவள் இருபத்தாறு வருடங்களாக முகர்ந்ததில்லை. வெளியே லண்டன் தை மாதத்துத் தூறல். உள்ளே சுவர் முழுக்க ஸ்னோபோர்ட்டுகள், ஆள் உயரத்துக்கு, வரிசையாக.

கணவர் சண்முகராசா சவுத்தாலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பூட்டிவிட்டு வந்த கடையிலேயே மனம் இருந்ததால் வாசலை வாசலைப் பார்த்தார். மகன் சிவதர்ஷனுக்கோ கண் இரண்டும் சுவரில். வங்கியில் கணினி வேலை, வயது இருபத்தைந்து. நாளை விடியச் சனிக்கிழமை கூட்டாளிகளோடு பிரான்ஸ் மலைக்குப் போகிறான். முந்தி இரண்டு தரம் வாடகைப் பலகையில் ஓடியவன், இந்தமுறை சொந்தமாக வாங்குகிறான்.

"கார்விங்கும் செய்ய வேணும், ஃப்ரீரைடும் செய்ய வேணும். நல்ல ஸ்பீடா," என்று கடைக்கார இளைஞன் எட்வேட்டிடம் சொன்னான் சிவதர்ஷன்.

சண்முகராசாவுக்கு இது விளங்கவில்லை. மகன்தான் விளக்கினான். இறுகிய பனியில் பலகையை அதன் இரும்பு விளிம்பிலே சரித்து, கத்தியால் கீறியதுபோலக் கோடு போட்டபடி வளைவது ஒன்று. பாதையை விட்டு விலகி, யாரும் மிதிக்காத பனியில் இறங்குவது மற்றது.

"இரண்டுக்கும் ஒரே பலகை போதாதே? பிறகேன் இவ்வளவு நேரம்?" என்றார் அப்பா.

எட்வேட் இரண்டு பலகைகளை இறக்கி வைத்தான். ஒன்று கறுப்பும் சிவப்புமாய், ஒடுக்கமாய், பார்க்கவே பாயும் போலிருந்தது. சிவதர்ஷனின் கூட்டாளிகள் மூன்று பேரிடமும் அதுதான் இருக்கிறது. மற்றது சாம்பல் நிறம். நீளமும் அகலமும் கூடியது. மூக்கு கொஞ்சம் மேல் வளைந்து, நடு வயிறு தரையைத் தொடாமல் வில்போல நின்றது.

குமுதினி பேசாமல்தான் இருந்தாள். ஆனால் கை பேசாமல் இருக்கவில்லை. மகன் போட்டுப் பார்த்துக் கழற்றிய பதினோராம் அளவுச் சப்பாத்தை எடுத்தாள். கறுப்புப் பலகையைக் கவிழ்த்து, கால் நிற்கிற இடத்தில் சப்பாத்தைச் சற்றுச் சரித்து வைத்தாள். முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கீழே விரலை வைத்து அளந்தாள்.

"தம்பி, இது உனக்குச் சரிவராது. ஒரு விரல் வெளிய நிண்டாப் பரவாயில்லை. இது ரெண்டு விரல். பின்னால குதிப்பக்கமும் அப்பிடித்தான். வேகமாச் சரிக்கேக்க விளிம்புக்கு முதல் சப்பாத்துத்தான் பனியில முட்டும். முட்டினா விளிம்பு கிளம்பும். நீ விழுவாய்."

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"மற்றதை எடு. பாதைக்கு வெளியால போறதுக்கு உந்த மூக்கு மிதக்கும். நடு வில்லு இறுக்கமா இருக்கு, வளைவில விடாது. நீளத்துக்குப் பயப்பிடாதை, உன்ர நிறைக்கு அது அளவா இருக்கும்."

அவள் கையால் காட்டியதிலேயே எட்வேட்டுக்குப் பாதி விளங்கிவிட்டது. சிவதர்ஷன் மீதியை ஆங்கிலத்தில் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "உங்கள் அம்மா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இந்தச் சாம்பல் பலகை காட்டுவதற்கு மட்டும். விற்பதற்குச் செவ்வாய்க்கிழமைதான் வரும்," என்றவன் குமுதினியின் பக்கம் திரும்பினான். "நீங்கள் எங்கே பழகினீர்கள்?"

எத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வி! அவளுடைய வாழ்க்கையைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்றாலும் தப்பில்லை.

ஒன்பது வயதில் பெற்றோரோடு யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ் மலையூர் ஒன்றுக்குப் போனவள் குமுதினி. அப்பா அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினார். பள்ளிக்கூடம் பிள்ளைகளை மலைக்கு ஏற்றிப் பனியில் ஓடப் பழக்கியது. பதினைந்தாம் வயதில் டொலறஸ் என்ற பெண்ணின் வாடகைக் கடையில் பின்னேர வேலைக்குச் சேர்ந்து, ஆளின் நிறை, உயரம், சப்பாத்து பார்த்துப் பலகை தேர்ந்து கொடுக்கப் பழகினாள். சனி ஞாயிறுகளில் அவளே ஓடினாள். பத்தொன்பது வயதில் அந்தப் பள்ளத்தாக்குப் போட்டியில் முதலாவதாக வந்தாள். ஊர்ப் பத்திரிகையில் படமும் வந்தது.

அந்தப் படம்தான் வினையானது. லண்டன் மாப்பிள்ளைக்குப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா கமலாம்பிகை சுவிஸில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து விசாரித்தாள். 'பொடியளோட மலை மலையாத் திரிஞ்சவளாம்' என்று ஒரு கதை வந்து சேர்ந்தது. கலியாணம் நின்றுபோகிற நிலை. கடைசியில் சண்முகராசா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்த மலைக் கதையை இந்த வீட்டில் இனி எவரும் எடுக்கக்கூடாது. இருபத்து மூன்று வயது மணப்பெண் தலையை ஆட்டினாள். பெற்ற மகனுக்கும் சொன்னதில்லை.

இப்போது வாய் திறந்துவிட்டது.

"சுவிஸில. பத்து வருசம் ஓடினனான்," என்றாள் எட்வேட்டிடம்.

"வாட்? அம்மா, நீங்களா?" சிவதர்ஷன் சிரித்துவிட்டான். அது நக்கல் அல்ல, வியப்புத்தான். அந்தச் சிரிப்புக்குள் மட்டும் அவளை நின்று பேச விட்டிருந்தால்!

சண்முகராசா முந்திக்கொண்டார். "அம்மா உப்பிடியான கடையொண்டில கூட்டித் துடைச்சவ. அதில ரெண்டு மூண்டு சொல்லு காதில விழுந்திருக்கு. வேறொண்டுமில்லை." பிறகு தாழ்ந்த குரலில், "பேசாமல் இரும். ஆக்கள் பாக்கினம்."

கூட்டித் துடைத்தவள். அவள் சப்பாத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கேலாது அம்மா. எல்லாரும் சொந்த போர்ட்டோட வருவாங்கள்," என்றான் மகன்.

"அப்ப அங்க போய் அகலமா ஒண்டு வாடகைக்கு எடு, தம்பி."

"அம்மா, பிளீஸ்."

கறுப்புப் பலகை வீட்டுக்கு வந்தது.

மறுநாள் விடிய கமலாம்பிகை வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், அந்த வீட்டின் நல்லது கெட்டது எதுவும் அவள் இல்லாமல் நடக்காது. புதுக் காருக்குச் செய்வதுபோலப் பலகையின் மூக்கில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து மருமகனை ஏறி மிதிக்கச் சொன்னாள். "மாமி, கார்ப்பெட்!" என்று சிரித்துக்கொண்டே அவனும் மிதித்தான். சாறு தெறித்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

குமுதினி மட்டும் சிரிக்கவில்லை. இரவு முழுக்க அவள் கண்ணுக்குள் அந்த இரண்டு விரல் நின்றது. மகன் பலகைப் பையைத் தோளில் மாட்டி வாசற்படி இறங்குகிறான். தாயின் மனம் தாங்கவில்லை.

"தம்பி, கனக்கச் சரிச்சு ஓடாதையடா. சப்பாத்து முட்டும். விழுவாய்."

கமலாம்பிகை நெஞ்சில் கை வைத்தாள். "என்னடி வாய் உன்ர! பிள்ளை படி இறங்கேக்க சொல்லுற சொல்லே இது? உள்ள வா ராசா, உள்ள வா. இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் திரும்பி வந்தான். இருந்தான். தண்ணீர் குடித்தான். போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. வேகமாக ஓடிய வளைவொன்றில் பலகை நழுவி, தோள் பனியில் அடிபட்டு, காறை எலும்பு முறிந்துவிட்டது. புதன்கிழமை கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் போட்டபடி வந்து சேர்ந்தான். குமுதினி அவனைக் கட்டிப்பிடிக்கப் போனாள். கமலாம்பிகை குறுக்கே நின்றாள்.

"கரிநாக்கு! சொன்னபடியே விழுத்திப்போட்டாய். சப்பாத்து முட்டும் எண்டாய், விழுவாய் எண்டாய். பெத்த தாய் சொல்லுற சொல்லோ?"

"மச்சாள், நான் சாபம் போடேல்லை. பலகை ஒடுக்கம் எண்டுதான்..."

"இஞ்சேர், இனியும் பலகைக் கதையே?" என்றார் சண்முகராசா.

குமுதினி மகனைப் பார்த்தாள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாதா?

"சும்மா வழுக்கினது," என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கமலாம்பிகை நேர்த்தி வைத்தாள். வைத்தவள் அவள். நிறைவேற்ற வேண்டியவள் குமுதினி. ஆறு வெள்ளிக்கிழமை, எழும்பியதிலிருந்து பின்னேரம் விளக்கு வைக்கும்வரை, வாய் திறக்கக்கூடாது. நாக்குக் குற்றத்துக்கு நாக்கைக் கட்டுவதுதான் பரிகாரமாம். "அக்கா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றார் கணவர். தொட்டிலில் கிடந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. வெள்ளிக்கிழமைகளில் கரண்டியால் காட்டிக் காட்டிப் பரிமாறினாள். தொண்டை நோ என்று நினைத்த ஒரு சின்னப் பெண் தன்னிடமிருந்த இனிப்பொன்றை நீட்டினாள். குமுதினி அதை வாங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, குசினிக்குள் போய் அழுதாள்.

ஆறாவது வெள்ளி. சிவதர்ஷனின் கை தொட்டிலை விட்டுவிட்டது. கூடத்தில் கமலாம்பிகையும் சண்முகராசாவும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குமுதினி குசினியில் புட்டுக்கு மாக் குழைத்தாள். சிவதர்ஷன் உள்ளே வந்து கதவை மெல்லச் சாத்தினான்.

"அம்மா, உங்களுக்கு இண்டைக்குப் பேசேலாது எண்டு தெரியும். நான் சொல்லுறன், கேளுங்கோ." குரல் காற்றாய் இறங்கியது. "நீங்கள் சொன்னதுதான் நடந்தது. சப்பாத்து நுனி முட்டினது. அங்க ஒரு இன்ஸ்ட்ரக்டரும் பாத்திட்டு அதைத்தான் சொன்னவர். இன்டர்நெட்டில உங்கட பேரைத் தேடினன். ஒரு பழைய சுவிஸ் பேப்பர் இருக்கு. உங்கட படம் இருக்கு. அம்மா, நீங்கள் ஃபர்ஸ்ட் வந்திருக்கிறீங்கள்!"

அவள் மாக் கையோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"டொக்டர் ஓம் எண்டா, ஈஸ்டருக்குப் பிந்திப் போகப் போறன். அகலமானதிலயே ரெண்டு இருக்கு. எது எண்டு தெரியேல்லை. எழுதிக் காட்டுங்கோ. அப்பாட்டச் சொல்லாதேங்கோ. மாமிக்குத் தெரிஞ்சா வீண் கதை."

தொலைபேசியில் இரண்டு பலகைகளைக் காட்டினான். ஒரே பார்வை. எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்தாள். கடை ரசீதுத் துண்டொன்றைத் திருப்பி, பென்சிலை எடுத்து, அந்தப் பலகையின் நீளமான நூற்று அறுபத்து மூன்றை எழுத, முதல் இலக்கம் ஒன்றைப் போட்டாள்.

பிறகு அந்த ஒன்றை வெட்டினாள்.

கீழே எழுதினாள்: 'கூடத்துக்கு வந்து அப்பாவுக்கும் மாமிக்கும் முன்னால் கேள். விளக்கு வைத்ததும் சொல்லுகிறேன்.'

அவன் வாசித்தான். சாத்திய கதவைப் பார்த்தான். மறுபடி வாசித்து, துண்டை நாலாய் மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

விளக்கு வைத்தாயிற்று. நால்வரும் மேசையில் இருந்தார்கள். கமலாம்பிகை குமுதினியின் நெற்றியில் திருநீறு பூசினாள். இளகிய மனதோடுதான் பூசினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"முடிஞ்சுது. அம்மன் புண்ணியத்தில பிள்ளையின்ர கையும் சுகம். இனிப் பேசு, குமுதினி. நல்லதா ஒரு சொல்லுச் சொல்லு."

குமுதினி மகனைப் பார்த்தாள். நேராக, கண் எடுக்காமல் பார்த்தாள். அவன் கை காற்சட்டைப் பைவரை போனது. பைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வந்து சம்பல் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தது.

"எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை, மச்சாள்," என்றாள் குமுதினி. "புட்டு ஆறுது. சாப்பிடுங்கோ."