எழிலரசனை விசாரிக்க வந்தார்கள்

என் தம்பி எழிலரசன் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு டென்மார்க் கம்பெனிக்கு வேலை செய்கிறான் என்பதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். தம்பி என்றால் சித்தி மகன். சித்தியும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்கென்று இருப்பது தொண்டூரில் நான் ஒருத்திதான். "கம்ப்யூட்டர்ல வெள்ளைக்காரங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கறான்" என்று சொல்வேன். "அவுங்களுக்கு எதுக்குத் தமிழு?" என்று கேட்பார்கள். எதுக்காகவோ இருக்கட்டும், உனக்கென்ன வந்தது? தமிழ்ப் பெண்ணைக் கட்டியவன் இருக்கிறான், இங்கே வேலைக்கு வரப்போகிறவன் இருக்கிறான். அவர்களோடு உட்கார்ந்து நாம் வாயால் பேசுகிற தமிழைப் பேசிப் பழக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

மத்தியானம் ஆரம்பித்தால் இருட்டுகிற வரைக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் திரையில் வருவார்கள். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று இவன் கேட்பான். அவர்கள் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்வார்கள். இவனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அது அவர்கள் பாடத்தில் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் இவனோடு பேசிய ஓர் அம்மாள் பாடம் முடித்துப் போய்விட்டாள். வெளியே யாரும் யாரோடும் தொடர்பு வைக்கக்கூடாது என்பது கம்பெனி சட்டம். "அந்தம்மா பேரனுக்குப் பல்லு முளைச்சது வரைக்கும் எனக்குத் தெரியும்க்கா. இனிமே உசுரோட இருக்காங்களான்னு கூடத் தெரியாது" என்றான். அன்றைக்கு அவன் குரலே சரியில்லை.

தொண்டூரில் நெட் விட்டுவிட்டு வருகிறது என்று, செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிப் புதிதாகப் போட்ட ஒரு நகரில் வீடு பிடித்துச் சித்தியோடு குடிபோனான். சித்தி இருந்தவரை வாசல் திறந்து கிடந்தது. அவள் போனபிறகு எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். பாடம் கேட்கிறவர்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் நட்சத்திரம் போடுவார்களாம், பின்னால் சத்தம் கேட்டால் குறைத்துவிடுவார்களாம். செஞ்சியில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? மார்க்கெட் கமிட்டிக்கு நெல் ஏற்றிப்போகிற லாரி, கோயில் ஸ்பீக்கர், பழைய இரும்பு வாங்குகிறவன், எல்லாம் அந்த ரோட்டில்தான். ஜன்னல்களில் மெத்தையை நிறுத்திவைத்தான். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிப் போட்டான். தாழ்ப்பாளைப் போட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது.

"தெருவுல நாலு பேருகிட்ட பேசுடா" என்று நானும் கத்திப் பார்த்தேன்.

"பேசிப் பேசி வாய் வலிக்குதுக்கா. வேலை முடிஞ்சா சும்மா இருந்தா போதும்னு இருக்குது" என்பான்.

அப்படிப்பட்டவன் போன மாசியில் ஒருநாள் போன் பண்ணினான். நான் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். மண் கையோடு போனை எடுத்தால், "எனக்குத் தனியா இருக்க முடியலக்கா. ஒரு பொண்ணு பாரு" என்கிறான். முப்பத்துநாலு வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலைச் செடியோடு நின்றுகொண்டே அழுதேன்.

அலைந்து திரிந்து வல்லத்தில் கலைவாணியைப் பிடித்தேன். கோவிந்தசாமி மகள், திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பெண் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் போனிலும் பேசிக்கொண்டார்கள். "எப்படிடா பேசறா?" என்று கேட்டேன்.

"அவ கேள்வி கேக்கறாக்கா" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் இன்னா சாப்டேன்னு கேக்கறா. ஏன் அதச் சாப்டேன்னு கேக்கறா."

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் சும்மா கொடுக்கமாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பையன் தெருவுக்கு வந்து விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், எதிர்வீட்டில் கேட்பார்கள், அப்புறம்தான் கை நனைப்பார்கள். நான் இவனை எச்சரித்துவிட்டேன். "வர்ற நாள்ல வருவாரு. கதவத் தொறந்து வை. தெருவுல போறவங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரி" என்றேன். "சரிக்கா, சரிக்கா" என்றான். மூளையைக் கடன் வாங்கியாவது ஒரு பத்து நாள் கதவைத் திறந்து வைத்திருக்கலாம்.

கோவிந்தசாமி ஒரு மத்தியானம் போயிருக்கிறார். நல்ல வெயில், மலையிலிருந்து அனல் இறங்குகிற நேரம். டீக்கடையில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார்களாம். எதிர்வீட்டு அம்மாள், "அந்த வூடு பூட்டிக் கெடக்குது, அந்தம்மா செத்தப்புறம் காலி பண்ணிட்டாங்க போல" என்றாளாம். மனிதருக்குச் சந்தேகம். நேரே வாசலுக்குப் போயிருக்கிறார். தட்டப்போகும்போது உள்ளேயிருந்து இவன் குரல்.

"வாங்க, உள்ள வாங்க."

பையன் மரியாதை தெரிந்தவன்தான் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினால், தாழ்ப்பாள். மறுபடி, "வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க. மோர் சாப்பிடறீங்களா?" தட்டியிருக்கிறார். கதவு திறக்கவில்லை. உள்ளே சிரிப்பு. "ஏன் வெளியவே நிக்கறீங்க? நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கங்க." எரிகிற வெயிலில், எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தது. "ஏம்மா ரஞ்சிதம், பையனுக்கு ஏதாச்சும் கோளாறா? சொல்லிடும்மா" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவனைக் கூப்பிட்டு அதட்டினேன். அப்புறம் சொன்னான். டென்மார்க்கில் ஒரு பெரியவர், மகன் தமிழ்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான், சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வரப்போகிறார்கள். வாசலில் நின்று எப்படி வரவேற்பது என்று அவருக்கு அன்றைக்குப் பாடம். "நல்லா சொன்னாருக்கா. அஞ்சு நட்சத்திரம் போட்டாரு" என்றான். அடப்பாவி என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னோம். கோவிந்தசாமி நல்ல மனிதர், கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். "நான் தப்பா நெனைக்கல தம்பி. உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். அப்பாடா என்று நான் காபித் தம்ளரைக் கையில் எடுத்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார். "நானும் ரெண்டு பொண்ணுங்களுக்கு மாப்பிள்ள விசாரிச்சிருக்கேன். குடிக்கறான்னு சொல்வாங்க, திமிர் புடிச்சவன்னு சொல்வாங்க. அதையெல்லாம் ஆராஞ்சு பாத்துக்கலாம். உன்னப் பத்திக் கெட்டது சொல்றதுக்குக்கூட அந்தத் தெருவுல ஒரு ஆளு இல்லயே தம்பி. எம் பொண்ணுக்கு ஒரு நாள் திடீர்னு ஒடம்பு முடியலன்னா யார் வூட்டுக் கதவத் தட்டுவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்றேன்.

"நீ தொண்டூர்ல இருக்கம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

காபித் தம்ளர்களை எடுக்க வந்த கலைவாணி அங்கேயே நின்றாள். இப்போது இவனைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க பாடம் எடுக்கும்போது பக்கத்து ரூம்ல நான் இருமினா நட்சத்திரம் கொறையுமா?"

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றியிருப்போம். இவன் பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். யோசித்தான். யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொறையும்" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் எழுந்துகொண்டோம். கோவிந்தசாமி தெருமுனை வரைக்கும் கூட வந்தார். வேறு நல்ல சம்பந்தம் கண்ணில் பட்டால் தகவல் சொல்லுங்கள் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார்.

செஞ்சி வரைக்கும் இவன் பைக்கிலேயே வந்தோம். நான் திட்டவில்லை, திட்டினால் உடைந்துவிடுவான் போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போகாமல் நின்றான். தொண்டூர் பஸ் இன்னும் வரவில்லை.

"அக்கா, எதிர்வீட்டு அம்மா பேரு உனக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியும். சித்தி காரியத்துக்கு வந்தபோது அந்த அம்மாள்தான் எனக்குத் தலைவலித் தைலம் கொடுத்தாள். "மீனம்பாள்" என்றேன். "மருமக பேரு வளர்மதி. போய்ப் பேசேன்டா."

"மூஞ்சியப் பாத்து நாலு வருசம் ஆயிடுச்சிக்கா. இப்பப் போயி எப்படிப் பேச ஆரம்பிக்கறது?" என்று என்னையே பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.